நைனா பாயும் பெயர் வைக்காத பெட்டியும்

நைனா பாய் இறந்த செய்தி வந்தபோது சின்னமனூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய்க்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பின் மறுமுனையைத் தோட்டக்காரர் பிடித்திருந்தார். போனில் பேசியது பாயின் மகள் பர்வீன். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாக. டீயக் குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தாக, அப்படியே சாஞ்சிட்டாக" என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். "அந்தக் கேசட்டைப் பார்க்காமலே போய்விட்டாரே மனுஷன்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். தோட்டக்காரர் ஒன்றும் விளங்காமல் என்னையே பார்த்தார்.

நைனா முகமது என்ற பெயர் உத்தமபாளையத்தில் குழாயும் வால்வும் வாங்குகிற விவசாயிகளுக்குத் தெரியும். பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேகரிக்கிறவர்கள் சிலர் அவரைப் போனில் மட்டும் அறிவார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எங்கள் குழாய்க் கடையில் அவர் பாதி, நான் பாதி. என்னைவிட மூத்தவர். என்னை 'மாப்ள' என்பார், நான் 'பாய்' என்பேன். கொடுக்கல் வாங்கலில் சுத்தம், வாடிக்கையாளரிடம் பொறுமை, தொழிலில் கெட்டிக்காரத்தனம் எல்லாம் உள்ளவர். அந்தப் பெட்டி விஷயத்தில் மட்டும் அவரைப் போன்ற பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வேண்டாம்.

இளவட்டத்தில் அவரும் கூடலூர் தெய்வேந்திரன் அண்ணனும் கூட்டாக டிவி கேம் கடை நடத்தியவர்கள். பெட்டியில் கேசட்டைச் செருகி, டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுகிற காலம் அது. கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது, கடை படுத்துவிட்டது. தெய்வேந்திரன் அண்ணன் ஜீப் வாங்கி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் தொழிலில் இறங்கினார். பாய் என்னோடு குழாய்க் கடைக்கு வந்தார். தொழில்தான் மாறியதே தவிர, அந்தக் கிறுக்கு இருவரையும் விடவில்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு கேம் பெட்டியைத் தயாரித்து, கடைக்கு வருவதற்குள் இழுத்து மூடிவிட்டதாம். அதன் சோதனைச் சாமான்கள் ஒரு காயலான் கிடங்கில் கிடப்பதாகத் தகவல் வந்ததும், இருவரும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பின்சீட் முழுக்கச் சாமான். முதலில் செய்துபார்த்த வெறும் போர்டுகள், வயர் துருத்திக்கொண்டிருக்கும் அரைகுறைப் பெட்டிகள், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை போட்ட முழுப் பெட்டி ஒன்று. அதன் அடியில் 'விற்பனைக்கு அல்ல' என்று ஸ்டிக்கர்.

"இதுக்குப் பேரு என்ன பாய்?" என்றேன்.

"பேரு வைக்கிறதுக்குள்ள கம்பெனிய மூடிட்டாக மாப்ள. எந்தக் கடைக்கும் வராத சாமானாக்கும் இது."

"எந்தக் கடைக்கும் வராத சாமான நம்ம கடையில எங்கன வைக்கிறது?"

வால்வு அடுக்கும் தட்டை ஒழித்து அதில் வைத்தார். வால்வுகள் தரைக்கு வந்தன. போர்டுகளைத் திராட்சைப் பெட்டிகளில் பேப்பர் சுற்றி அடுக்கினார். அதன் பிறகு கடைக்கு வந்த விவசாயி யாரும் குழாயை மட்டும் வாங்கிக்கொண்டு போக முடிந்ததில்லை. ஃபில்டர் கேட்டு வந்த கெங்குவார்பட்டிக்காரர் ஒருவரை உட்காரவைத்து, முதல் போர்டுக்கும் மூன்றாவது போர்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது தண்ணியில உள்ள உப்பையும் எடுக்குமா பாய்?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். இன்னொரு தடவை, குழாய் வியாபாரம் சூடாக ஓடுகிற சமயத்தில், இதே பெட்டியின் ஜாய்ஸ்டிக் ஒன்று கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கடையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மொத்தத்தையும் விலைக்குக் கேட்டபோது, பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினார். அதுதான் பதில்.

சாமான்களை அவரும் தெய்வேந்திரன் அண்ணனும் பங்கு போட்ட விதம்தான் எல்லா வினைக்கும் ஆரம்பம். கிடங்கில் கிடைத்தது ஒரே ஒரு கேசட். அதற்குள் என்ன விளையாட்டு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்டியோ கரண்டு கொடுத்தால் உயிரே இல்லாமல் கிடந்தது. ரிப்பேர் வேலை தெரிந்தவர் பாய் என்பதால் பெட்டி அவருக்கு, கேசட் தெய்வேந்திரன் அண்ணனுக்கு என்று பேச்சு. பெட்டி சரியான அன்றைக்கு அவர் கேசட்டோடு வருவார், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். தனியாக யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் இந்த ஏற்பாடு. "ரேஸு கேமாத்தான் இருக்கும்" என்பார் பாய். "சண்டைதான்" என்பார் அவர். பச்சைப் பிள்ளைகள் மாதிரி பந்தயம் வேறு.

பாய் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல. கருகிய ஒரு ஐசி சில்லுக்கு மாற்று தேடிப் போகாத ஊரில்லை. ஒரு நாள் மத்தியானம், வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் "அல்லாஹ்!" என்று ஒரு கத்தல். ஷாக் அடித்துவிட்டதோ என்று ஓடினேன். டிவியில் நீலத் திரை, நடுவில் தமிழில் இரண்டே சொல்: 'கேசட் போடவும்'. பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேர்வையில் குளித்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"உடனே தெய்வேந்திரன் அண்ணனுக்குப் போனப் போடுங்க" என்றேன்.

"பொறு மாப்ள. அவன் மக கல்யாணம் வருதுல்ல? பத்திரிகை வைக்க நேர்ல வருவான். வந்து உக்காந்ததும் டிவிய இந்தப் பக்கம் திருப்புறேன் பாரு."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தினமும் பேக்கரியிலிருந்து பன்னும் மிக்சரும் வாங்கி வைத்தார். அது கொரோனா காலம். ஒரு நாள் காலையில் அவர் போன் டிங் என்றது. கல்யாணப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார் தெய்வேந்திரன் அண்ணன்.

பாய் போனைக் கவிழ்த்து வைத்தார். "கரண்டு பில்லு அனுப்புற மாதிரி அனுப்பிட்டான் மாப்ள" என்றார்.

"யாரும் யார் வீட்டுக்கும் போறதில்ல பாய். எல்லாருக்கும் அப்படித்தான் அனுப்புறாக."

"நான் எல்லாருமா?"

பாய் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாதது அங்கே பெரிய குறையாகிவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் என் தலைவிதி. கூடலூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் நான் ஓடிய ஓட்டத்துக்கு இரண்டு குழாய்க் கடை நடத்தியிருக்கலாம். "பாய் வந்து என் வாசல்ல நின்னு ஒரு குரல் குடுக்கட்டும் தம்பி, கேசட்ட கையில குடுத்துர்றேன்" என்பார் அங்கே அவர். "மொதல்ல பத்திரிகைய அவன் கையால கொண்டுவந்து குடுக்கட்டும்" என்பார் இங்கே இவர்.

"பாய், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்கூடமே போயிருச்சு! இனிமே என்ன பத்திரிகை?"

"பத்திரிகை பத்திரிகைதானே மாப்ள."

ஒரு தடவை தெய்வேந்திரன் அண்ணனின் வீட்டுக்காரம்மா மனசு கேட்காமல், பரணில் மிச்சம் கிடந்த பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்து, மஞ்சள் தடவி என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். பாய் அதை ஒரு வரி விடாமல் படித்தார். அச்சு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது தங்கச்சி குடுத்தது. அவன் குடுக்கல." தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

இன்னொரு தடவை இருவரையும் பொதுவாகக் கம்பத்துக்கு வரச் சொன்னேன். ஒரு சிநேகிதர் கடை மாடியில் டிவி ஏற்பாடு செய்தேன். பாய் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். தெய்வேந்திரன் அண்ணனும் வந்தார், கேசட் இல்லாமல். "மொதல்ல பேசுவோம், பொறகு கேசட்டு" என்று படியிலேயே சொல்லிவிட்டார். பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். சிநேகிதர் வாங்கி வைத்திருந்த பரோட்டாவை நான் ஒருவனே சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறந்ததும் பாய் பெட்டியை ஒரு நிமிடம் போட்டுப் பார்ப்பார். 'கேசட் போடவும்' என்று வரும். "நல்லாத்தான் இருக்கு" என்று அணைத்துவிடுவார். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். "பாய், உங்களுக்கு அது என்ன கேம்னு பாக்க ஆசை இல்லையா?" வால்வைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தூக்கத்துலகூட அதுதான் மாப்ள வருது. ஆனா நானாப் போயி எப்பிடி நிக்கிறது?"

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். வாசல் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு தெய்வேந்திரன் அண்ணன் நின்றிருந்தார். துக்க வீட்டுக்கு யாரும் யாருக்கும் பத்திரிகை வைப்பதில்லையே, கேள்விப்பட்ட மாத்திரத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மையவாடியில் குழி மூடும்போது அவரும் மூன்று பிடி மண் போட்டார். பாதி மண் அவர் காலிலேயே விழுந்தது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் மறுபடி வந்தார். மடியிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பர்வீனிடம் நீட்டினார். கேசட். அவள் வாங்கவில்லை. "நீங்களும் மாமாவும் போயி போட்டுப் பாருங்க பெரியப்பா. அத்தாவுக்காகப் பாருங்க" என்றாள்.

கடையைத் திறந்தேன். பெட்டியைப் போட்டேன். தெய்வேந்திரன் அண்ணன் கேசட்டைச் செருகினார், திரை மாறவில்லை. எடுத்து, அந்தக் காலத்துக் கேம் கடைப் பையன்கள் செய்வதுபோல் வாயருகே வைத்து ஊதிவிட்டு மறுபடி செருகினார். திரை கறுத்தது. பிறகு பச்சையாக ஒரு மலை வந்தது. மலையடிவாரத்தில் ஒரு ஆடு நின்றது. ரேஸும் இல்லை, சண்டையும் இல்லை. பாறைக்குப் பாறை தாவி ஒரு ஆடு மலை ஏற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கொஞ்ச தூரம் ஏறியதும் பாறை முடிந்து வெறும் வெள்ளையாக இருந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு மேல் மலையை வரையவில்லை. ஆடு அந்த விளிம்பில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

தெய்வேந்திரன் அண்ணன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்காய்யா..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். பாய் இருந்திருந்தால் அந்த ஆட்டைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "தம்பி, பெட்டிய கொஞ்ச நாளைக்குக் கூடலூருக்குக் கொண்டுபோறேன். என் கண்ணு முன்னால இருக்கட்டும்."

"அது எப்படிண்ணே? பெட்டி பாயோடது. வேணும்னா நீங்க இங்கன வந்து பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, நான் என்ன சொன்னேன் என்று. அவர் முகம் சுருங்கியதையும் பார்த்தேன். வயரைச் சுருட்டினேன். பெட்டியை, கேசட்டை, ஜாய்ஸ்டிக்கை, திராட்சைப் பெட்டிகளில் இருந்த போர்டுகளை எல்லாம் நானே சுமந்துபோய் ஜீப்பில் ஏற்றினேன். பர்வீனிடம் சொன்னேன். "நல்லது மாமா" என்றாள்.

பாய், நேற்று நான் கூடலூருக்குப் போனேன். கம்பத்தில் பஸ் மாறியதோடு சரி, வேறு ஒரு சிரமமும் இல்லை. வழியில் யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. வாசலில் நின்று, "அண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அவ்வளவுதான் பாய். அவ்வளவேதான் இருந்தது. நிம்மதியாக உறங்குங்கள்.