கனகம்மாவின் நல்லி

கனகலக்ஷ்மி மாமி போன வாரம் காலமானாள். செய்தித்தாளில் அறிவிப்புப் போட யாரும் இல்லை. அவளைப் பற்றித் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததையாவது எழுதி வைக்கிறேன்.

மைசூரில் நாங்கள் இருந்தது ஒரு வடாரம்; ஒரே வாசலுக்குள் ஏழு குடித்தனம். தெருவைப் பார்த்த முதல் வீடு மாமியுடையது. அவள் கணவர் ஸ்ரீகண்டன் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. குழந்தைகள் இல்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துடைப்பதும், நனைந்த துணியை மாற்றுவதும்தான் மாமியின் நாள். அத்தனை வருஷப் படுக்கையிலும் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை.

அதற்குக் காரணம் ஜன்னலுக்கு வெளியே தெருவோரத்தில் நின்ற குழாய். துணி அலசிக்கொண்டே அவள் அவரைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் இடது கையால் கட்டிலைத் தட்டினால் காதில் விழும். கன்னடத்தில் குழாய்க்கு நல்லி என்று பெயர். எல்லோருக்கும் பொதுவான அந்தப் பழைய குழாயைத் தெருவே கனகம்மாவின் நல்லி என்று சொல்லும். பாசி பிடித்தால் அவள்தான் சுரண்டுவாள். சாக்கடை அடைத்தால் குச்சி விட்டுக் குத்துவாள். ஆயுத பூஜையன்று அதற்குக் குங்குமம் வைப்பாள். மூன்றாவது வீட்டு கெம்பம்மா, கனகம்மாவுக்கு இரண்டு யஜமானர், ஒருவர் உள்ளே படுத்திருக்கிறார், இன்னொருவர் வெளியே நிற்கிறார் என்று கேலி செய்வாள். மாமியும் சிரிப்பாள்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய மறு வருஷம், அனுமதி இல்லாத தண்ணீர் இணைப்புகளை நகராட்சி துண்டிக்கப் போகிறது என்று பேச்சு வந்தது. ஒரு நாள் காலை நகராட்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு வந்தார். மாமி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“ஈ நல்லி யாரதம்மா?”

இந்தக் குழாய் யாருடையது என்று கேட்டார். மாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நம்மதே.”

எங்களுடையதுதான் என்றாள். தெருவில் எல்லோரும் அதை நம் குழாய் என்றுதான் சொல்வார்கள், அவளுக்கும் அப்படியே வந்தது. வடாரத்துக்குச் சொந்த இணைப்பு என்று அந்த மனிதர் புரிந்துகொண்டார். இணைப்புக்கு யாரும் பணம் கட்டியிருக்கவில்லை. ஆகவே அது திருட்டுக் குழாய். அடுத்த வாரம் ஆட்கள் வந்து அறுத்து, வாயை அடைத்து, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போனார்கள்.

கெம்பம்மாவை மாமாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு மாமி நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். தவறு நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தெருவில் புதிதாகப் பொதுக் குழாய் போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் கேட்டால் உள்ளே இணைப்புக் கிடைக்கும் என்றார். சொந்தக்காரர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தார். வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டால் குடித்தனக்காரர்களைக் காலி செய்ய வைக்கவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பின் இரண்டு தெரு தள்ளிப் போய் நிற்க வேண்டியிருந்தது. தண்ணீர் வருவது காலையில் மட்டும். குடங்களின் வரிசை கோயில் மூலை வரை நீளும். மாமி அங்கே நிற்கும் நேரமெல்லாம் மாமா தனியாகக் கிடந்தார். தட்டினால் கேட்க ஆளில்லை. அவள் ஓடி வரும்போது ஈரத்தில் கிடப்பார். வாய் சும்மா இருந்திருந்தால் நமக்கு இந்த கதி வந்திருக்குமா என்று கெம்பம்மா ஒரு முறை வரிசையிலேயே சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் கெம்பம்மா ஒரு குடம் தண்ணீரை மாமி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் வீட்டிலும் ஆறு பேர். தினமும் கொடுக்க அவளால் ஆகாது.

மாமா முதலில் மறுத்தது மத்தியானக் காப்பியை. பிறகு மோர். தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். நாக்கு ருசி போய்விட்டது என்று மாமி நினைத்தாள். படுக்கை முன்போல் நனையவில்லை. இப்போதெல்லாம் துணி கம்மி என்று எங்களிடம் சொன்னபோது அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

காய்ச்சல் வந்து டாக்டர் பார்த்தபோது மாமாவின் நாக்கு தோல் மாதிரிக் காய்ந்திருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டார். மாமி சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டு, கட்டிலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

டாக்டர் போனதும் டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“குடிங்கோ. எத்தனை துணியானாலும் நான் தோய்ச்சுப்பேன். நான் சொன்னேனா, முடியலைன்னு உங்ககிட்ட சொன்னேனா? வாயைத் திறங்கோ.”

அவர் இடது கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் அதற்குள் கெட்டுவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் போய்விட்டார்.

உடலைக் குளிப்பாட்ட வடாரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடம் வந்தது. எடுத்துக்கொண்டு போனபிறகு, வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று சாஸ்திரிகள் சொல்லியிருந்தார். வழக்கம்தான். சமையலறையில் இருந்ததைக் கொட்டினோம். கட்டிலோரம் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. முந்தின நாள் விடியற்காலையில் போய் மாமி கொண்டு வந்தது. நாங்கள் அதைத் தூக்கப் போனபோது அவள் நகர்ந்து வந்து விளிம்பின்மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டாள்.

“இதைக் கொட்டாதீங்கோ. அவருக்குன்னு கொண்டு வந்தது.”

நாங்கள் தயங்கி நின்றோம். தீட்டுத் தண்ணீர், வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் கெம்பம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அண்டாவை வாசலுக்கு இழுத்துச் சாய்த்தோம். தண்ணீர் முற்றத்தைக் கடந்து தெருவில் இறங்கியது. மாமி கதவைப் பிடித்துக்கொண்டு, அண்டாவின் அடி தெரியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.