இரண்டு கொடிகாமத்தார்

போன ஞாயிறு பின்னேரம் லுசேர்ண் போகும் ரயிலில் இராணுவ உடுப்புப் போட்ட ஒரு பெடியன் என் முன்னால் வந்து இருந்தான். தோளில் தொங்கிய துவக்கைக் குடையைச் சாத்துவதுபோலப் பக்கத்து இருக்கையில் சாத்திவிட்டு அப்பிள் தின்னத் தொடங்கினான். ஆண்கள் கட்டாயம் இராணுவப் பயிற்சி எடுக்கும் இந்த நாட்டில் இது ஒரு புதினமில்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் துவக்கோடு வீட்டுக்கு வருவார்கள், துவக்கோடு திரும்பிப் போவார்கள். இருந்தாலும் துவக்கின் எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து கதவடியில் போய் நின்றுகொண்டேன். இத்தனை வருடமாகியும் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை.

அதே மாதிரியான எண்ணெய் மணம் எங்கள் ஹோட்டல் சமையலறையில் இறைச்சி சீவும் மெசினிலும் இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதி. ஏரிக்கரையில் பெரிய ஹோட்டல். எனக்குச் சட்டி கழுவும் வேலை. மேல்மாடி அறையில் என்னோடு இருந்த சிவம் அண்ணைக்குச் சலாட் கழுவும் வேலை. அவர் கதைப்பார், நான் தலையாட்டுவேன். எனக்கு அப்போதும் வாய் குறைவு. மூன்றாவது கட்டிலுக்குத்தான் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை கிடைத்து ரவி அண்ணை வந்து சேர்ந்தார்.

"தம்பி, உம்மடை ஊர்க்காரர் வந்திருக்கிறார். கொடிகாமமாம்!" என்று சிவம் அண்ணை கூவியபோது நான் போர்வையை மடிக்கும் சாட்டில் திரும்பிக்கொண்டேன். கொடிகாமம் என்று நான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தேன், ஆனால் நான் கொடிகாமம் இல்லை. கொழும்புக் கடை வேலைக்குப் போய்வரும்போது ரயில் யன்னலால் அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என் ஊர் ஏழாலை.

அந்தக் காலத்தில் "எவடம்?" என்பது ஊரை அறியும் கேள்வியல்ல. ஊர் தெரிந்தால் பள்ளிக்கூடம் தெரியும், பள்ளிக்கூடம் தெரிந்தால் சிநேகிதர் தெரியும், சிநேகிதர் தெரிந்தால் எந்த இயக்கம் என்று தெரிந்துவிடும். ஒரே எதிரிக்கு எதிராகப் புறப்பட்ட இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த நேரம். அதனால் எங்களில் பலர் ஆளுக்கொரு இரவல் ஊரைக் கைவசம் வைத்திருந்தோம்.

எனக்கு அதற்குக் காரணமும் இருந்தது. ஏழாலையில் என் தம்பி ஒரு இயக்கத்தில் சேர்ந்திருந்தான். அவர்கள் முகாமை மற்ற இயக்கம் சுற்றிவளைத்தது என்றுதான் எனக்குக் கடைசியாக வந்த செய்தி. அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும். ஆனால் பிழையான ஆளிடம் கேட்டுவிட்டால்? எங்கேயாவது ஒளிந்திருக்கிறவனை நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஊரில் அம்மா தனியே இருந்தா.

சிவம் அண்ணை விடவில்லை. "எனக்கொரு சந்தேகம். கொடிகாமச் சந்தை ஸ்ரேசனுக்கு எந்தப் பக்கம்?"

"தம்பி சொல்லட்டும்" என்றார் ரவி அண்ணை.

"அண்ணைதானே மூத்தவர்" என்றேன் நான்.

"நல்ல ஊரடாப்பா! சந்தை எங்கையெண்டு சொல்லவும் மரியாதை பாக்கிறாங்கள்" என்று சிவம் அண்ணை சிரித்தார்.

அன்றிலிருந்து ரவி அண்ணையும் நானும் ஒருவரையொருவர் கண்டால் நழுவிக்கொண்டோம். அவர் உண்மையான கொடிகாமத்தார், என் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் எனக்கு ஏன் ஒளிக்கிறார் என்றுதான் விளங்கவில்லை. அவர் கதவுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். மற்றவர் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்கமாட்டார். ஒருநாள் சமையலறையில் ஒரு தட்டுக் கோபுரம் சரிந்து விழுந்தது. நானும் சிவம் அண்ணையும் மேசைக்குக் கீழே குந்திவிட்டோம். ரவி அண்ணை மட்டும் நின்றபடியே எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "ஒருதருக்கும் ஒண்டுமில்லையே?" என்றார். சாப்பாடு எடுக்க வந்து நின்ற வெள்ளைக்காரப் பெட்டையையும் சேர்த்து எண்ணினார் என்று நினைக்கிறேன். அந்தக் குரல் உருளைக்கிழங்கு உரிக்கிறவருடைய குரல் இல்லை.

அந்தச் சமையலறையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய ஷெஃப்பிடம் நாள் முழுக்க ஏச்சு வாங்கும் ஒரு உதவிச் சமையல்காரர் இராணுவத்தில் கப்டன். வருடாந்தப் பயிற்சிக்காக அவர் உடுப்போடு புறப்படும் அன்று, அவருக்குக் கீழே சாதாரணச் சிப்பாயான ஷெஃப் குதியைத் தட்டிச் சலூட் அடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ரவி அண்ணை சிரிக்கவில்லை. "குடுத்து வைச்ச கப்டன். தன்ரை ஆக்களை முழுசா வீட்டை அனுப்பிப்போடுவான்" என்றார்.

கொஞ்சக் காலத்தில் ரவி அண்ணைக்குக் கனடா போக வழி சரிவந்தது. சிவம் அண்ணைக்கு வேலை இருந்ததால் பெட்டி தூக்க நான்தான் ஸ்ரேசனுக்குப் போனேன். மேடை நிறைய ஆமிப் பெடியள். ரவி அண்ணை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கொடிகாமம் இல்லைத் தம்பி. நீரும் இல்லையெண்டு நினைக்கிறன்" என்றார்.

நான் அவருடைய பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"நான் கடைசியா ஏழாலைப் பக்கந்தான் நிண்டனான். என்னோடை ஒரு பெடியன் நிண்டவன். உம்மைப்போலைதான், வாய் திறவான், தலையாட்டுவான். ஏழாலையிலை உமக்கு ஆரும் சொந்தமோ?"

எல்லாம் தெரிந்துகொண்டு என் வாயைப் பிடுங்குகிறார் என்றே நினைத்தேன். நல்ல ஆளென்றால் ஏன் இவ்வளவு நாளும் சும்மா இருந்தார்?

"எனக்கு அங்கை ஒருதரையும் தெரியாது" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். "அப்ப நல்லது" என்று சொல்லி ஏறிவிட்டார்.

பல வருடங்கள் கழித்து பீல் நகரில் ஒரு கலியாண வீட்டில் ஏழாலைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் எங்கள் ஹோட்டலிலிருந்து கனடா போன ரவி அண்ணையைப் பற்றிச் சொன்னார். என் தம்பியின் இயக்கத்துக்கு எங்கள் பகுதிப் பொறுப்பாளர் அவர்தானாம். "வளைக்கப்போறாங்கள் எண்டு தெரிஞ்சதும் பெடியளைப் பிரிச்சு அனுப்பினவர் அவர். ஆர் எந்தப் பக்கம் போனது எண்டு அவருக்கு மட்டுந்தான் தெரியும். போன மாரியிலை கனடாவிலை காலமாயிட்டார்." கையிலிருந்த வடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

இப்போது ஒருவரும் அந்தப் பயத்தோடு "எவடம்?" என்று கேட்பதில்லை. சிவம் அண்ணையும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மேல்மாடி அறையில் இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள்.

போன ஞாயிறு ரயிலில் கதவடியில் நின்ற எனக்காக அந்த ஆமிப் பெடியன் துவக்கை எடுத்து இருக்கையை ஒதுக்கித் தந்தான். போய் இருந்தேன். எந்த நாடு என்று கேட்டான். சொன்னேன். அங்கே எந்த ஊர் என்றான்.

"ஏழாலை" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

அப்படி ஓர் ஊரை அவன் கேள்விப்பட்டதில்லையாம். பெயர் நன்றாக இருக்கிறது என்றான்.