மேசை அடங்கும் நேரம்

முதலில் தே (பால் தேநீர்) தான் காட்டிக்கொடுத்தது. ஜெலுத்தோங்கில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேன் ஓட்டும் நாங்கள் மூவரும் வழக்கமான கடையில் உட்கார்ந்திருந்தோம். நான் குடித்த தே மூக்கு வழியாக வந்தது. ரஃபீக் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். காக் (அக்கா) ஜைத்தூன் தன் வேனிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது). கைகால் தப்பின, தொண்டை மாட்டிக்கொண்டது. டிஸ்பேஜியா (விழுங்குவதில் கோளாறு) என்றார்கள். குடிக்கும் தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். மூக்கில் குழாய் போட்டார்கள். அதை எடுத்த பிறகும், எதைக் குடித்தாலும் கெட்டியாக்கும் மாவு கலந்து கூழாக்கித்தான் குடிக்க வேண்டும். மோவாயைத் தாழ்த்தி விழுங்க வேண்டும். வாயில் எது இருந்தாலும் பேச்சும் சிரிப்பும் கூடாது.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். இருமி, எச்சில் ஒழுகுவதை மகள் ஏன் பார்க்க வேண்டும்? பாதியிலேயே தட்டைத் தள்ளிவிடுவேன். உடம்பு உருகியது.

"ஆண்டி, எடை இப்படியே இறங்கினா திரும்பவும் டியூப்தான். இந்தத் தடவை வயித்துல ஓட்டை போட்டு," என்றார் டாக்டர். "தனியா சாப்பிடாதீங்க. பட்டர்வொர்த்துல நோயாளிங்க குழு ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க."

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் இருமுவதா? மாட்டேன். வயிற்றில் ஓட்டையா? அதற்கும் மாட்டேன். மறுநாள் காலை மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கே போனேன்.

ரஃபீக் வாய் ஓயாதவன். பார்க்கிங் இடத்துக்காக அவன் ஜைத்தூனோடு மல்லுக்கட்ட, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான். புரையேறி, கண் பிதுங்கி, மேசையெல்லாம் தே. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்கக்கா," என்றான் ரஃபீக். "எங்க வாய்தானே பிரச்சினை? மூடிக்கிறோம் லா."

மூடிக்கொண்டார்கள். அந்த இரண்டு வாயாடிகளும் என் குவளையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் வந்து, "என்ன, மூணு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டார். ரஃபீக் என் குவளையைக் கையால் காட்டினான். அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டு விழுங்கினேன்.

அன்றிலிருந்து தினமும் போனேன். நான் குவளையைத் தூக்கினால் பேச்சு பாதியில் நிற்கும். விழுங்கிவிட்டுத் தலையாட்டினால், விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும். மெல்ல எடை ஏறியது. டாக்டர் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டார்.

என்னைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குழுவுக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால், நோய்க்கு முன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்களோ அங்கேயே திரும்பிப் போய் உட்காருங்கள். ஒரு தடவை மானம் போகும், போகட்டும்.

முன்பெல்லாம் தே எப்போது இறங்கியது என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு மிடறும் ஒரு வேலை. மோவாய்க்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரப்படவே உடம்பு மறந்துவிட்டது.

போன வாரம், இனி மாவு வேண்டாம், சும்மாவே குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மேசையில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் குவளையைத் தூக்கினேன். சட்டென்று பேச்சு நின்றது.

"அதான் நல்லாயிருச்சேடா, பேசேன்," என்றேன்.

ரஃபீக் கையைக் கட்டிக்கொண்டான். "மொதல்ல முழுங்குங்கக்கா."