மாமாவின் பென்சில் குழி

என் மாமா மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தார். அவர் சுரங்க முதலாளி ஆனதற்குக் காரணம், குண்டலுபேட்டைச் சாலையில் ஒரு மாட்டு வண்டியின் அச்சு முறிந்ததுதான்.

முறிந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அத்தைக்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்த கொள்ளுக்காடு இருந்தது. வண்டிக்காரர் தச்சரைத் தேடிப் போனார். சும்மா உட்காரத் தெரியாத மாமா, காட்டோரம் கிடந்த ஒரு கறுப்புக் கல்லை எடுத்து வண்டிப் பலகையில் இழுத்துப் பார்த்தார். கோடு விழுந்தது. தச்சர் வந்து சேர்வதற்குள் இரண்டு மாடுகளையும் கொம்பு முதல் வால் வரை வரைந்து முடித்துவிட்டார்.

"இது கல் இல்லை, பென்சில்" என்றார்.

"நான் பாவாடை கட்டுன நாள்ல இருந்து அது அங்கயேதாங்க கெடக்குது" என்றாள் வண்டியில் இருந்த அத்தை. மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

அது மகாராஜா காலம். வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கப்பலில் வரும் சாமான்கள் நின்றுபோய், எங்கள் வகுப்பில் பென்சில்கள் நகக்கண் அளவுக்குத் தேயும்வரை விடாமல் எழுதினோம். மாமா விசாரித்துப் பார்த்தார். அந்தக் கறுப்புக்குக் காரீயக்கல் என்று பெயர், கிராஃபைட் என்றும் சொல்வார்கள், பென்சிலுக்கு மட்டுமில்லை, உலோகம் உருக்கும் மூசை செய்யவும் அதுதான் வேண்டும் என்று தெரிந்தது. உடனே நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அத்தையோடு காட்டிலேயே ஒரு கொட்டகை போட்டுக் குடியேறினார். கோடை லீவில் அத்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று அம்மா என்னையும் அனுப்பிவைத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மண்வெட்டி வாங்குவதற்கு முன்பே மாமா சுரங்கத்தை வரைந்து முடித்திருந்தார். வர்ணம் தீட்டிய படம். அதில் குழி படிப்படியாக இறங்கியது. ஓரத்தில் பூச்செடிகள் இருந்தன, ஒரு கொடிகூடப் பறந்தது. மேல்மண்ணை எங்கே கொட்டுவது என்பதும் அதில் இருந்தது. கிழக்கே. படத்தில் அந்தப் பக்கம்தான் காலியாக இருந்தது.

அத்தை படத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, மண்ணைக் கெழக்கால கொட்டாதீங்க. கறுப்பு அந்தப் புங்கமரத்துப் பக்கந்தான் போவுதுங்க. ஏர் ஓட்டறப்ப பாத்திருக்கறேன்."

"பிளானில் கிழக்கே என்று போட்டாயிற்று" என்றார் மாமா.

மண் கிழக்கே போய்க் குன்றாக உயர்ந்தது. குழியும் இறங்கியது. முதல் மாதம் நன்றாகவே கறுப்புக் கிடைத்தது. அதைவிட நன்றாக எல்லாரும் வழுக்கி விழுந்தார்கள். காரீயத்தூள் படிந்த சரிவில் கூடையோடு ஏறுகிறவர்கள், ஏறிய வேகத்திலேயே உட்கார்ந்தபடி திரும்பி வந்தார்கள். மேஸ்திரி கன்னடக்காரர், நிதானமானவர். முதல் முறை விழுந்தபோது எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "ஜாருத்தே ஸ்வாமி" என்றார். வழுக்குகிறதாம். அது எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. சாப்பாட்டில் கறுப்பு, தலையணையில் கறுப்பு. அத்தை ஊற்றும் தோசைக்கு ஒரு வெள்ளிப் பளபளப்பு வந்துவிட்டது. நாங்கள் அதைத் தின்னவும் பழகிவிட்டோம்.

இரண்டாம் மாதம் குழியில் கறுப்பு ஒடுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு முழ அகலத்துக்கு மெலிந்து, நேராகக் கிழக்கே, நாங்கள் கொட்டி வைத்த மண்குன்றுக்கு அடியில் போய் மறைந்தது. அத்தை குழியின் விளிம்பில் நின்று பார்த்தாள். மாமா மேற்குப் பக்கமாகத் தோண்டச் சொன்னார். அங்கே வெள்ளைப் பாறைதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான், அனுமதி கேட்டு மாமா போட்டிருந்த மனுவுக்குச் சர்க்காரிலிருந்து பதில் கடிதம் வந்தது. கல் ஆராயும் இலாகாவின் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால்தான் அனுமதி. அனுமதி இல்லாமல் ஒரு மூட்டைகூட வெளியே போக முடியாது. அத்தையின் கொள்ளுக்காடும் வெறும் பள்ளமாக நின்றுபோகும். மாமா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோவதைப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சந்தை. ஆட்கள் யாரும் இல்லை. மாமாவும் கோட்டுக்கு இஸ்திரி போட ஊருக்குள் போயிருந்தார். நான் ஒரு சட்டி நிறையக் காரீயத்தூளை அள்ளி, அத்தையின் தேங்காயெண்ணெயைக் குழைத்து, மேற்குச் சுவரின் வெள்ளைப் பாறையில் பூச ஆரம்பித்தேன். பாதிச் சுவர் முடிந்தபோது மேலே நிழல் தட்டியது. அத்தை.

"என்ன அம்மிணி பண்றே?"

"மாமாவுக்காகப் பாறையைக் கறுப்பாக்குகிறேன்" என்றேன்.

அத்தை சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு பழந்துணி கொண்டுவந்து போட்டாள். "கையில தேய்ச்சா திட்டுத் திட்டாத் தெரியும். துணியில தேயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் மாமா குழிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெயில் பட்டு மேற்குச் சுவர் முழுவதும் பட்டுப்புடவைபோல் மின்னியது. மேஸ்திரியைக் கூப்பிட்டார். "பார்த்தீரா? நேற்று மண் சரிந்து தானாகத் திறந்திருக்கிறது. நான் சொன்னேன் அல்லவா, மேற்கே என்று?"

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பார்த்தார். வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஹௌது ஸ்வாமி" என்று ஆமாம் போட்டார்.

அதிகாரி வயதானவர், தமிழ் பேசினார். ஜரிகைத் தலைப்பாகை, கையில் சிறு சுத்தியல். மாமா நிஜமான கறுப்பு இருந்த கிழக்கு மூலையைக் கண்ணெடுத்தும் பாராமல், அவரை நேராக மேற்குச் சுவருக்கு அழைத்துப் போனார். அதிகாரி விரலால் சுவரைத் தொட்டார். விரலை முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து ஒரு துடைப்புத் துடைத்தார். உள்ளங்கையளவு வெள்ளைப் பாறை தெரிந்தது.

மாமா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மெல்லத் திரும்பி, அத்தையின் முந்தானைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு எண்ணெய் விட்டே, குழந்தே?"

"அரை பாட்டில்" என்றேன்.

"கொஞ்சம் குறைச்சு விட்டிருக்கலாம். வாசனை காட்டிக்கொடுத்துடுத்து" என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

அப்போது அத்தை முன்னால் வந்தாள். அந்நியர் எதிரில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "ஐயா, இன்னும் ஒரே ஒரு எடம் பாத்துட்டுப் போங்க" என்றாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குன்றைச் சுற்றி அப்பால் நடந்தாள். புங்கமரத்தடியில் நின்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே வெட்டினாள். நாலாம் வெட்டில் கறுப்பு வந்தது. பத்தடி தள்ளி வெட்டினாள். அங்கேயும் வந்தது. அதிகாரி முழங்காலிட்டு உட்கார்ந்து, சுத்தியலால் தட்டி, துடைத்து, மறுபடி துடைத்தார். கறுப்பு போகவில்லை.

"நிலம் யார் பேரில்?"

"எம் பேர்லதானுங்க."

"அப்ப மனுவும் உங்க பேர்லயே எழுதிக் கொடுங்கோ. அந்த மண்ணை முதல்ல நகர்த்துங்கோ."

அவர் வண்டி போன பிறகு மேஸ்திரி வந்தார். மண்ணை இனி எங்கே கொட்டுவது என்று கேட்டார். மாமாவிடம் இல்லை, அத்தையிடம். அத்தை மேற்கே கை காட்டினாள். இரண்டு மாதம் சுமந்த மண்ணையெல்லாம் ஆட்கள் மறுபடி சுமக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் மாமா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். அத்தை அங்கேயே இருந்துவிட்டாள். மாமா சனிக்கிழமைதோறும் வண்டி பிடித்துப் போய் வந்தார்.

ஆனால் அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் மாமா யாரையும் திட்டவில்லை, என்னைக்கூட. மண்குன்றின் மேல் போய் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, காலடியில் கிடந்த கறுப்புக் கல்லால் வரையத் தொடங்கினார். நான் பயந்து பயந்து பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். காகிதத்தில் அத்தை மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். புங்கமரம் அவள் தோள் உயரம்தான் இருந்தது. குழியும் கொட்டகையும் அவள் காலடியில் எறும்புப் புற்றுபோல் கிடந்தன.

டிராயிங் மாஸ்டர் இப்படித் தப்பாக வரையலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மாமா, அத்தை இவ்வளவு உயரம் இல்லையே" என்றேன்.

"ஆமாம்" என்றார் மாமா. அதை அவர் அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. கவலையில் அவருக்குக் கை தவறிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.