மன்னிப்புக் கேட்க மறுத்த லாத்திர்

ஜாஸ் விமான நிலையத்துக்கு வெளியே நிற்கும் டாக்சிக்காரர்கள் எல்லோரும் பயணியைப் பார்த்ததும் "எங்கே போகணும்?" என்று கேட்பார்கள். லாத்திர் சிஸ் மட்டும் "குடும்பப் பேர் என்ன?" என்று கேட்பார். தலைநகர் டக்கார் எங்கே ஓடிவிடப் போகிறது, அது அங்கேயேதான் கிடக்கும். யாரை ஏற்றுகிறோம் என்று தெரியாமல் ஐம்பது கிலோமீட்டர் எப்படி வாயை மூடிக்கொண்டு ஓட்டுவது என்பது மனுஷனுடைய நியாயம்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருந்த காலத்தில், ஏழு பேரை அடைத்துக்கொண்டு ம்பூருக்கும் டக்காருக்கும் நடுவே பழைய வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் விமான நிலையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் ஊருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நகரத்துக்காரர்கள் இவ்வளவு தூரமா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். லாத்திருக்கோ கொண்டாட்டம். அவர் அப்பா கடலை போட்ட காடு ஓடுபாதைக்குள் போய்விட்டது உண்மைதான். அதனால் என்ன? ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் "எங்க கடலைக் காட்டுல இன்னொண்ணு உட்கார்ந்திருச்சு பாரு" என்று பக்கத்து வண்டிக்காரனிடம் பெருமையடிப்பார்.

கழுத்தில் தொங்கும் நீல அட்டைதான் அவருடைய சொத்து. அது இருந்தால் வரிசையில் நிழலில் நிற்கலாம். இல்லாதவன் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று, காவலாளிக்குப் பயந்து பயந்து பயணியின் பெட்டியைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான். நாலு பிள்ளைகளின் படிப்பும், வீட்டுக் கூரையும், மனைவி சிகாவின் நிம்மதியும் அந்த அட்டையில் இருந்தன.

குடும்பப் பேரைக் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிஸ் என்றால் செரேர் இனத்து ஆள். ஜாலோ, சோ, பா என்று யாராவது சொன்னால் அவர்கள் ஃபுலானி, மாடு மேய்த்த வம்சம். செரேருக்கும் ஃபுலானிக்கும் கேலிமுறை. பார்த்த மாத்திரத்தில் ஒருத்தரை ஒருத்தர் "என் அடிமை" என்று கூப்பிட வேண்டும். திருடன், பெருந்தீனிக்காரன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது, கேட்ட உதவியை மறுக்கவும் கூடாது. சாவு வீட்டில்கூட முறைக்காரன் வந்து நக்கலடிப்பான். அழுதுகொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தே ஆக வேண்டும். இந்த முறையில் செய்யக் கூடாத ஒரே காரியம் மன்னிப்புக் கேட்பது. கேட்டுவிட்டால் சொன்னதெல்லாம் மனதார வைததாக ஆகிப்போகும்.

பிப்ரவரி மாதம் ஒரு காலை, பாரீஸ் விமானத்திலிருந்து ஒரு பெண் தனியாக வெளியே வந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். கூட்டிக்கொண்டு போக வர வேண்டிய அத்தை மகனின் கார் வழியில் நின்றுவிட்டதாம். டாக்சியில் வந்துவிடு, ஏறுவதற்கு முன்னாலேயே கட்டணம் பேசிவிடு என்று அத்தை போனில் சொல்லியிருந்தாள். அவளும் நல்ல பிள்ளையாக லாத்திரிடம் வந்து, டக்காரை ஒட்டிய பிக்கினுக்குப் போக எவ்வளவு ஆகும் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அது கெடக்கட்டும்மா. குடும்பப் பேர் என்ன?"

"ஜாலோ. தக்கோ ஜாலோ."

லாத்திரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாளெல்லாம் மூன்று வெள்ளைக்காரர்களையும் ஒரு வாய் திறக்காத வியாபாரியையும் ஏற்றி இறக்கிச் சலித்துப்போயிருந்தவர்.

"அட, நம்ம அடிமை. இத்தனை நாளா எங்கடி ஓடிப்போயிருந்தே? உன் தாத்தாவை எங்க தாத்தா ஒரு குடுக்கை மோருக்கு வாங்கினாரு, தெரியுமா? ஏறு, ஏறு. அடிமைக்குப் பாதிக் கட்டணம்."

அங்கேதான் தப்பு நடந்தது. பேரைக் கேட்டவர், எங்கே வளர்ந்தாய் என்று கேட்கவில்லை. ஜாலோ என்று பேர் வைத்துக்கொண்டு கேலிமுறை தெரியாத ஒரு ஜீவன் இந்த உலகத்தில் இருக்கும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

தக்கோ பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாத்திருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுங்கச்சாவடி வரைக்கும் ஃபுலானிகள் எப்படி மாட்டைக் கண்டால் பெற்ற தாயையும் மறந்து பின்னாலேயே போய்விடுவார்கள் என்பதைச் சொன்னார். ஜாம்னியாஜோ தாண்டும்போது, ஜாலோக்கள் அடுத்தவன் தொழுவத்தில் கை வைக்காத நாளே கிடையாது என்றார். ருஃபிஸ்க் அருகே நெரிசலில் வண்டி நின்றபோது காப்பி விற்பவனைக் கூப்பிட்டு, மிளகு வாசனை அடிக்கும் காப்பி ஒன்று வாங்கிப் பின்னால் நீட்டினார். அடிமைக்குக் காப்பி வாங்கிக் கொடுக்கிற எஜமான் இந்த நாட்டிலேயே தான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொண்டார். அவள் அதைத் தொடவில்லை. லாத்திருக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ ஃபுலானிகளிடம் வாய் கொடுத்திருக்கிறார், பதிலுக்குப் பதில் கத்துவார்கள். இப்படி ஒரு வார்த்தை பேசாமல், காப்பியைக்கூட ஏறெடுத்துப் பார்க்காமல் எஜமானி மாதிரி உட்கார்ந்து அவமானப்படுத்துகிற ஆட்டக்காரியை அவர் பார்த்ததே இல்லை.

பிக்கினில் இறங்கியதும் அவள் முழுக் கட்டணத்தையும் சீட்டின் மேல் எறிந்தாள். கதவில் எழுதியிருந்த எண்ணைப் போனில் படம் எடுத்தாள். படமும் எடுத்துக்கொள்கிறாளே என்று லாத்திர் கையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சிகாவிடம், இன்றைக்கு என்னை ஒரு சின்னப் பொண்ணு வாயைத் திறக்காமலே ஜெயித்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலையில் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுத்துமூலமாகப் புகார் வந்திருக்கிறது, வியாழக்கிழமை விசாரணை, அதுவரைக்கும் வரிசைக்கு வரக் கூடாது, புகார் கொடுத்தவரைப் போய்ப் பார்க்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன புகார் என்று படித்துக் காட்டியபோது லாத்திருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் கேலிக்குப் புகார் எழுதவில்லை, நிஜமாகவே எழுதியிருக்கிறாள் என்று புரிந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டுவிடு, முடிந்தது என்பதுதான் எல்லோருடைய பேச்சும். சிகா கெஞ்சியே பார்த்தாள். மனசால கேட்க வேண்டாம், வாயால மட்டும் கேளு என்றாள். அந்த முறையில் இருப்பதே வாய்தானே, அதிலும் பொய் சொல்லிவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று லாத்திர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிடிவாதம் செரேருக்குத் தாய்ப்பாலோடு வருவது என்று சிகா புலம்பினாள். அவளும் செரேர்தான்.

வியாழக்கிழமை டாக்சி அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் லாந்திங் பாஜி உட்கார்ந்திருந்தார். வரிசைக்கு மேற்பார்வையாளர். தெற்கே காசமான்ஸிலிருந்து வந்த ஜோலா ஆள். வேடிக்கையைப் பாருங்கள், ஜோலாவும் செரேருக்குக் கேலிமுறைதான். ஏழு வருஷமாக இரண்டு பேரும் தினமும் காலையில் ஒருத்தரை ஒருத்தர் அடிமை என்று கூப்பிட்ட பிறகுதான் வேலையையே ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார்.

தக்கோ ஒரு பெரிய உருவத்துப் பெண்மணியோடு வந்தாள். அத்தை மைரம், அவள் அப்பாவின் அக்கா. ஒரு டாக்சிக்காரன் வழியெல்லாம் என்னை அசிங்கமாகப் பேசினான், துணைக்கு வாருங்கள் என்று மட்டும்தான் தக்கோ அவளிடம் சொல்லியிருந்தாள். மைரம் எவனையோ பச்சையாகக் கடித்துத் தின்கிற கோபத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லாந்திங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு புகாரைப் படித்தார். அடிமை என்றது, குடுக்கை மோருக்கு வாங்கியது, மாடு திருடிய வம்சம், பாதிக் கட்டணம், எல்லாம் வரிசையாக இருந்தது. படித்து முடித்துவிட்டு லாத்திரைப் பார்த்தார்.

"ஒரே ஒரு வார்த்தை. மன்னிச்சுக்கம்மான்னு சொல்லிடு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

"ஏழு வருஷமா உங்களைச் சோத்துக்கு அலையற அரிசிப்பானை, என் அடிமைன்னுதான் கூப்பிடறேன். இன்னைக்கு இந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டா நாளைக்கு உங்ககிட்டயும் கேட்கணும். அப்புறம் நமக்குள்ள என்ன மிச்சம்?"

மைரம் மெல்லத் தலையைத் தூக்கினாள். உன் குடும்பப் பேர் என்ன என்று கேட்டாள். சிஸ் என்றார் லாத்திர்.

"சிஸ்ஸா? செரேரா நீ?" மைரம் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அடேய், எங்க வீட்டுப் பானை கழுவின பயலே. என் தம்பி மக பெட்டியைத் தலையில சுமந்துக்கிட்டு நீ பிக்கின் வரைக்கும் நடந்து வந்திருக்கணும்டா. வண்டியில சொகுசா உட்கார்ந்து ஓட்டிக்கிட்டு வந்தியாமே. அவ்வளவு கொழுப்பா?"

மூன்று நாள் பாரம் லாத்திரின் தோளிலிருந்து இறங்கிவிட்டது. "வா தாயி, வா. வழியில மாடு ஒண்ணும் போகலையே, எந்த வாலைப் பிடிச்சுக்கிட்டு இங்க வந்து சேர்ந்தே?" என்றார்.

லாந்திங் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். மைரமும் சிரிக்க ஆரம்பித்தாள். தக்கோ மட்டும் எழுந்து நின்றாள். 

"சிரிக்கிறீங்களா அத்தை? அடிமைங்கற அந்த வார்த்தையை நான் பாரீஸ்ல பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேன், ரயில்ல கேட்டிருக்கேன். சொன்னவங்க யாரும் விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு ஆறு வயசுல அப்பா இறந்துட்டாரு. அவரோட ஊருன்னு ஆசையா வந்து இறங்கினா, முதல் ஆள் முதல் வார்த்தையா அதையே சொல்றாரு."

சிரிப்பு பொட்டென்று நின்றது.  ஒரு மணி நேரம், ஐம்பது கிலோமீட்டர், பட்ட இடத்திலேயே அடித்துக்கொண்டு வந்திருக்கிறோமே என்று நினைத்தபோது லாத்திரால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலில் விழலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எழுந்து மேசைக்கு அருகே போனார். அங்கே கிடந்த நீல அட்டையை லாந்திங்கின் பக்கம் தள்ளிவைத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க," என்றார். அப்புறம் தக்கோவிடம் திரும்பினார். "உனக்கு இப்படி வலிச்சிருக்குன்னு எனக்குத் தெரியாது தாயி. என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும். ஆனா மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். கேட்டா நீ எனக்கு யாரோ ஆயிடுவே."

 மைரம் மருமகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேலிமுறை என்றால் என்ன என்று ஃபுலானிச் சொல்லும் பிரெஞ்சும் கலந்து மெதுவாகச் சொன்னாள். ஊரில் முன்பின் தெரியாத ஆள் வழியில் வண்டி கெட்டு நின்றால், பேரைக் கேட்டு, திட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுவது எதனால் என்று சொன்னாள். தக்கோ தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவள் முகம் இளகவில்லை. கடைசியில் மைரம் சொன்னாள்:

"உங்கப்பன் அங்கேருந்து போன் பண்ணுவான். என்னடா தம்பி, எப்படி இருக்காங்க ஜனங்கன்னு கேட்பேன். 'இங்க எவனும் என்னைத் திட்டுறதே இல்லக்கா. மரியாதையாப் பேசிட்டு முகத்தைத் திருப்பிக்கிறாங்க. ஒரே ஒரு செரேர்க்காரன் வந்து என்னை அடிமைன்னு கூப்பிட மாட்டானான்னு இருக்கு'ன்னு சொல்வான். பதினோரு வருஷம் அப்படியே இருந்துட்டுப் போயிட்டான்."

 அப்பா சொன்னதாக ஒரு புது வார்த்தையைத் தக்கோ கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவள் லாந்திங்கிடம் கை நீட்டிப் புகார்க் காகிதத்தைக் கேட்டாள்.

அது உங்களுடைய புகார், நீங்கள்தான் திரும்பப் பெற முடியும் என்று லாந்திங் அவசரமாகச் சொன்னார். நான் திரும்பப் பெறுவதாகச் சொல்லவில்லையே என்றாள் அவள்.  அவள் பேனாவை வாங்கி, எழுதியிருந்ததை எல்லாம் ஒவ்வொரு வரியாக அடித்தாள். அடியில் இரண்டு வரி எழுதினாள். நடுவில் ஒரு தரம் நிறுத்தி, லாத்திரின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

லாந்திங் அதை வாங்கித் தனக்குள் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு தரம் சத்தமாகப் படித்தார்.

"இந்த லாத்திர் சிஸ் என்னுடைய அடிமை. எஜமானியைக் கேட்காமல் இவனை வேலையை விட்டு நீக்க யாருக்கும் உரிமை கிடையாது. இப்படிக்கு, தக்கோ ஜாலோ."

படித்து முடிக்கும் வரைக்கும் அவள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். சரியாகச் சொன்னோமா, அதிகமாகிவிட்டதா என்று தெரியாமல் அத்தையைப் பார்த்தாள். மைரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். லாத்திர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து தேம்பினார்.

தக்கோ மேசையிலிருந்த அட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"அழுதது போதும். போய் வண்டியை எடு," என்றாள். "நாங்க வீட்டுக்குப் போகணும்."