கடைக்குட்டியின் தாம்பாளம்

ரஹ்மூனாவுக்கு வாய் நீளம். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அழுகிற பிள்ளையைக் கண்டால் அவள் வாய்க்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்துவிடும். அழுகையை நிறுத்துவதற்காக எதை வேண்டுமானாலும் தருவதாகச் சொல்லிவிடுவாள். த்லெம்சென் நகரத்தில் ஒரு பாலர் வகுப்பில் பதினோரு வருஷமாக ஆயாவாக மூக்குத் துடைத்து, ஷூ மாட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் வாக்குக் கொடுத்த பூனைக்குட்டிகளை எல்லாம் கொண்டுவந்திருந்தால் வகுப்பில் பிள்ளைகள் உட்கார இடம் இருந்திருக்காது.

யென்னாயெர் புத்தாண்டு வருவதற்கு ஒரு வாரம் முன்னால், சொஹைப் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். மூன்று வயது இரண்டு மாதம். வகுப்பிலேயே சின்னவன்.

"என்னடா கண்ணு, யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல அத்தே. இந்த வருஷம் தாம்பாளத்துல மலாக்தான் உக்காருவாளாம். அம்மா சொல்லிட்டா."

மலாக் அவனுடைய தங்கை. பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. யென்னாயெருக்கு முந்தின சாயங்காலம், கூஸ்கூஸ் ரவை பிசைகிற பெரிய மரத்தாம்பாளத்தில் வீட்டுக் கடைக்குட்டியை உட்கார வைத்து, அதன் தலைவழியே பாதாமும் வால்நட்டும் அத்திப்பழமும் மிட்டாயுமாகப் பதின்மூன்று தினுசைக் கொட்டுவோம். வருஷம் இனிப்பாக விடியட்டும் என்று. போன வருஷம்வரை அந்த இடம் சொஹைபுடையது. இனி இல்லை.

அந்த வலி ரஹ்மூனாவுக்குத் தெரியும். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள் அவள். ஒரே ஒரு வருஷம் தாம்பாளத்தில் உட்கார்ந்தாளாம், அதுவும் நினைவில்லை. அடுத்த வருஷமே தம்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் கையில் கிடைத்தது வால்நட் உடைக்கிற கல் மட்டும்தான்.

"இதுக்கா அழற? வீட்ல மலாக் உக்காந்தா உக்காந்துட்டுப் போறா. நம்ம கிளாஸ்ல யாரு கடைக்குட்டி? நீதானே! இங்க நீதான்டா உக்காருவ. ரஹ்மூனா சொன்னா சொன்னதுதான்."

சொஹைப் மூக்கை அவள் மேலங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் அவளிடம் வந்து, "நான்தானே?" என்று கேட்பான். "நீதான், நீதான்" என்பாள். அந்த வாரம் முழுக்க சிஹாம் டீச்சர் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வரை எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். ரஹ்மூனாவோ சிற்றுண்டி நேரத்தில் தன் பங்குக்கு ஒரு பாடம் நடத்தினாள். "யாரு சின்னவங்களோ, அவங்கதான் தாம்பாளத்துல! என்னது?" "யாரு சின்னவங்களோ!" என்று இருபது தொண்டைகளும் கத்தும்.

விடுமுறைக்கு முந்தின நாள் காலை, வகுப்பில் கொண்டாட்டம். பிள்ளைகள் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை, வாசலில் ஒரு புதுச் சிறுமி நின்றாள். அப்பாவுக்கு ஒரான் நகரத்திலிருந்து மாற்றலாம். பெயர் தஸ்னீம்.

"எத்தனை வயசும்மா?" என்று டீச்சர் அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"அடுத்த மாசம் மூணு முடியுது."

கையில் அத்திப்பழத் தட்டோடு நின்ற ரஹ்மூனா அதை அப்படியே கீழே வைத்தாள். டீச்சரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"டீச்சர், மூணு மாசம்தானே வித்தியாசம்? கண்டும் காணாம விட்டுருங்களேன். நான் அந்தப் பையனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"உன்னை யாரு குடுக்கச் சொன்னா? நான் விட்டாலும் பிள்ளைங்க விடுமா?"

விடவில்லை. ஒரு வாரமாக அரைத்த பாடம் ஆயிற்றே! "தஸ்னீம்தான் சின்னவ! தஸ்னீம்தான் தாம்பாளத்துல!" என்று கூரை பறக்கக் கத்தினார்கள். சொஹைப் மட்டும் கத்தவில்லை. ரஹ்மூனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மண்டியிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள். "அத்தை தப்புப் பண்ணிட்டேன்டா. வேற ஒருத்தி வருவான்னு யோசிக்கல."

"நீ சொன்னியே."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐம்பத்தொரு வயதில், மூன்று மகன்களை ஆளாக்கிய பிறகு, ஒரு பொடியன் முகம் திருப்பியதற்கு இப்படியா நெஞ்சு வலிக்கும்? வலித்தது. அந்த நீள நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

பாயின் நடுவே தாம்பாளம் வந்தது. தஸ்னீமை அதில் உட்கார வைத்தார்கள். டீச்சர் கூடையைத் தூக்கியதும் குழந்தை அண்ணாந்து பார்த்தது. புது ஊர், புது முகங்கள், தலைக்கு மேலே ஒரு கூடை வால்நட். யாராக இருந்தாலும் அலறத்தான் செய்வார்கள். தஸ்னீம் அலறிய அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "சரி, வேண்டாம், தூக்கிருவோம்" என்றாள்.

ரஹ்மூனா தூக்கப் போனாள். அதற்குள் அவள் இடுப்புக்குக் கீழே யாரோ இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். சொஹைப்.

"அப்படி இல்ல," என்றான் தஸ்னீமிடம், கோபமாகவே. "கைய தலையில வெக்கணும். இப்படி. கண்ண மூடிக்கணும்."

"வலிக்கும்," என்று விம்மினாள் தஸ்னீம்.

"மிட்டாய் வலிக்காது. வால்நட் கொஞ்சூண்டு வலிக்கும். நான் நாலு தடவ உக்காந்திருக்கேன்." உண்மையில் மூன்று தடவை. அதிலும் முதல் தடவை பால்குடி. போகட்டும். "தள்ளி உக்காரு, காட்டறேன்."

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, அவள் பக்கத்தில் சம்மணம் போட்டான். அவள் கைகளை எடுத்து அவள் தலைமேலேயே வைத்தான். பிறகு தன் கைகளைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "ம், கொட்டுங்க டீச்சர்!" என்றான்.

கொட்டினாள் டீச்சர். பாதாமும் பேரீச்சையும் வேர்க்கடலையும் சரசரவென்று இறங்கின. ஒரு கண்ணைத் திறந்து பார்த்த தஸ்னீம், மடி நிறைய மிட்டாய் கிடப்பதைக் கண்டு, "இன்னொரு தடவ!" என்று கூவினாள். அப்புறம் வகுப்பு வகுப்பாகவா இருந்தது? நானும் நானும் என்று ஒவ்வொன்றும் தாம்பாளத்தில் ஏறிவிட்டது. ரஹ்மூனா அழுதாள், சிரித்தாள், சிதறிய வால்நட்டைப் பொறுக்கினாள், மறுபடியும் அழுதாள்.

விடுமுறை முடிந்த காலையில் சொஹைபின் அம்மா மலாக்கைத் தூக்கிக்கொண்டு அவனோடு வந்தாள்.

"இங்க இவனுக்கு என்ன சொல்லிக்குடுத்தீங்க ரஹ்மூனா?"

"ஏம்மா, என்ன பண்ணான்?"

"முந்தாநாள் சாயங்காலம் மலாக்கைத் தாம்பாளத்துல படுக்க வெக்கப் போனோம். இவன் ஓடி வந்து, 'அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா'ன்னு முதல்ல ஏறி உக்காந்துட்டான். மடியில குடுன்னு வாங்கிக்கிட்டான். ரெண்டு கையையும் விரிச்சு அவ தலைய மூடிக்கிட்டான். அவன் தலைய மூடக் கை எங்க இருக்கு? வால்நட் பூரா அவன் மண்டையில. இங்க பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

சொஹைப் பெருமையாகத் தலையைக் குனிந்து காட்டினான். "அவ அழவே இல்ல அத்தே," என்றான்.

அன்று பாடம் ஆரம்பிக்க அரைமணி நேரம் தாமதமாயிற்று. அந்த வீக்கத்தை எல்லாரும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவள் ரஹ்மூனா. அவள் தொடவில்லை, குனிந்து முத்தம் கொடுத்தாள்.