முறுக்குக் கட்சி

எங்கள் தோட்டத்தில் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன என்றால் சிரிப்பார்கள். அது மலாயாவின் அவசரகாலம், கட்சி என்ற சொல்லையே மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்த காலம். ஆனால் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த பெண்களுக்குள் முறுக்குக் கட்சி, கிழங்குக் கட்சி என்று இரண்டு இருந்தது உண்மை. நான் முறுக்குக் கட்சி. கிழங்குக் கட்சியில் இருந்தவள் ஒரே ஒருத்தி, என் பக்கத்து வீட்டுக்காரி. ஒருத்தியாக இருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் ஈடாக வாயாடுவாள்.

கல்யாணமாகி பாலிங் பக்கத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு அருகில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு நான் வந்தபோது, நாங்கள் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, சுற்றிக் கம்பி வேலி போட்டாகிவிட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். அரிசியை அளந்துதான் தருவார்கள். வேலைக்குக் கிளம்பும்போது கேட்டில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். ஆண்களைப் போலீஸ்காரர்கள், எங்களை ஒரு மலாய்க்கார அம்மாள். அவளை நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். மடியைத் தடவிப் பார்ப்பாள், வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு பிடி சோறு, ஒரு துண்டு ரொட்டி வெளியே போகக் கூடாது. சீனி போடாத வெறுங்கோப்பி மட்டும் போகலாம்.

அதற்கு முன்பெல்லாம் மரம் வெட்டி முடித்து, பால் வடியும் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவது வழக்கமாம். சட்டம் வந்த பிறகு வழக்கம் போகவில்லை, சாப்பாடு மட்டும் போய்விட்டது. அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் உட்காருவோம். மரத்தில் கட்டிய மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். வயிறு காய்ந்து கிடக்கும். அதனால் தின்பண்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். பேச்சிலேயே பசியாறினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் முறுக்கைப் பற்றி நான் பேசினால் கேட்பவர்களுக்கு எச்சில் ஊறும். ஓமம் எவ்வளவு, எள் எவ்வளவு, எந்தச் சுற்றிலிருந்து உடைக்க வேண்டும் என்றெல்லாம் அளப்பேன். பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள். மரவள்ளிக்கிழங்கை நகம் தெரிகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, எண்ணெயில் போட்டு, காய்ந்த மிளகாயைத் துளி சீனியோடு இடித்துப் பிசிறினால் அதற்கு முன்னால் எந்த முறுக்கு நிற்கும் என்பாள். கடித்தால் எழும் சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்க வேண்டுமாம். நான் மூக்கைச் சுளிப்பேன். முறுக்கு அரிசியில் செய்வது, வீடு வாசல் உள்ளவர்கள் தின்பது. கிழங்கு பன்றிக்குப் போடுவது என்பேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நாளுக்கு நாள் என் வாய் நீண்டது.

உண்மை என்னவென்றால், எனக்கு முறுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கிழங்கு வறுவல் என்றால் உயிர். வேலிக்குள்ளே லயத்துக்குப் பின்னால் நட்டிருந்த மரவள்ளியை வாரம் ஒரு முறையாவது பிடுங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு வறுப்பேன். அடுப்படியில் நின்றபடியே தின்று முடிப்பேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் அவருக்காகத்தான் வறுத்தேன் என்று ஒரு கை அள்ளிக் கொடுப்பேன். அவர் ஸ்டோரில் ரப்பர் சீட் அடிக்கும் வேலை பார்த்தார். சூதுவாது தெரியாத மனுஷர்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால் இப்போதும் முகம் சுடுகிறது. ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மாவும் நானும் அந்தக் காலம் முழுக்கக் கிழங்கைத்தான் தின்று உயிரோடு இருந்தோம். கிழங்கு கிடைக்காதபோது மற்றவர்கள் சீவிப் போட்ட தோலைப் பொறுக்கி வந்து அவித்தோம். ஊரே கிழங்கு தின்ற காலம்தான் அது, தெரியும். ஆனால் அடுத்தவர் வீட்டுத் தோலைத் தின்றவர்கள் எத்தனை பேர்? புது ஊருக்கு வாழ வந்தவள், அதை யாரிடம் சொல்வேன்? பசியோடு தின்றவர்கள் யாரும் கிழங்கை வாய்விட்டுப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரியால் அது முடிந்தது. அவள் பிறந்த ஊரான சிடாம் கிரியில் அவள் அப்பாவுக்குப் பசுமாடுகள் இருந்தன. பாலைக் கொடுத்து அரிசி வாங்கியிருக்கிறார்கள். அவளுக்குக் கிழங்கு வெறும் தின்பண்டம். அதற்காக அவள் மேல் எனக்குப் பொறாமைகூட இருந்தது.

ஒரு நாள் பேச்சு முற்றியது. வேலிக்குள்ளே வயிறு நிறைந்தபின் தின்றால் முறுக்கு ஜெயிக்கும்தான், அதில் என்ன நியாயம் என்று அவள் கேட்டாள்.

"இந்த நேரத்துல, இந்தப் பசியில, ஒரு துண்டு வாயில போட்டுப் பாரு. அப்பவே கட்சி மாறிருவ."

கொண்டு வந்துதான் பாரேன் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கேட்டில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். மாக்சிக் மடியைத் தடவினாள், வாளியைப் பார்த்தாள், போகச் சொன்னாள். அதற்குள் அவள் தலையில் கட்டியிருந்த துண்டு சரிந்தது. மாக்சிக் நல்லெண்ணத்தில்தான் அதைப் பிடித்துச் சரியாக அழுத்திவிட்டாள். நொறுக்கென்று சத்தம் கேட்டது. அடுத்த லயத்துக்குக் கேட்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமையடித்துக்கொள்வாளே, அதே சத்தம். துண்டை அவிழ்த்தார்கள். வாழை இலையில் சுற்றிய வறுவல் மண்ணில் கொட்டியது. மிளகாய்ச் சிவப்பில், மெல்லிசாக, அவள் சொன்னபடியே இருந்தது.

யாருக்கு இது என்று கேட்டார்கள். அவள் என்னைக் காட்டினாள்.

எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். போலீஸ் லோரி வாசலிலேயே நின்றது. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. பக்கத்தில் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி நின்று மொழிபெயர்த்தார். உணவு கடத்தினால் ஜெயில், அதற்கு மேலும் போனால் இந்தியாவுக்கே கப்பலேற்றிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியின் கைக்குழந்தை, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் இருந்தது. நேரம் போகப் போக அவளுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அவள் அதை மறைக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முறுக்கா கிழங்கா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு, அதைத் தீர்க்கத்தான் கொண்டு வந்தேன் என்று அவள் சொன்னாள். கிராணிக்கு முறுக்கை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விரலால் காற்றில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அதிகாரிக்குக் கோபம் வந்தது. தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். நாங்கள் சொல்வது நிஜமா என்று பார்க்க, எங்களோடு வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

அவர்கள் வந்தார்கள். பால் கறை பிடித்த சீலையோடு, கோயிலில் சத்தியம் செய்கிறவர்களைப் போல நின்று, தான் முறுக்கு என்றும், இவள் முறுக்கு என்றும், அவள் மட்டும் கிழங்கு என்றும் சாட்சி சொன்னார்கள். ஒருத்தி, தனக்கு வறுத்த கடலைதான் பிடிக்கும், ஆனாலும் முறுக்குப் பக்கம் பேசினேன் என்று அழுதாள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது.

கடைசியாக என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். ஸ்டோரிலிருந்து ஓடி வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் காப்பாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"என் சம்சாரத்துக்குக் கிழங்கு வறுவல்னா உயிரு தொரை. வீட்டுல வறுத்து வறுத்துத் தின்னும். அது ஆசைக்குத்தான் இந்தப் புள்ள கொண்டு போயிருக்கும்."

மொழிபெயர்க்கும்போதே கிராணியின் குரல் இறங்கிவிட்டது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்படியென்றால் வழக்கு எங்கே? இரண்டு பேருக்கும் ஒன்றே பிடிக்கும் என்றால் எதைத் தீர்க்கக் கொண்டு போனாள்? பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொன்னார்களா? அவளை லோரியில் ஏற்றச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பயம்கூட இல்லை அந்தப் பார்வையில், ஒன்றும் புரியாத பார்வை.

சன்னலுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கும் தெரியாத கதை அது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"நாந்தான் பொய் சொன்னேன்யா. அவ சொல்றது நெசம். ஜப்பான்காரன் காலத்துல நாங்க கெழங்குத் தோலத் தின்னவங்க. அடுத்த வீட்டுக் குப்பையில பொறுக்கித் தின்னோம். அது தெரிஞ்சா கேவலம்னுதான் எனக்கு முறுக்குதான் புடிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன்."

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிறகு சொன்னார். நான் சொன்னதைவிட அவர் சொன்னது நீளமாக இருந்தது. வாசலில் நின்ற மாக்சிக் திடீரென்று மலாயில் பேசினாள். "காமி பூன் சாமா லா, துவான்." நாங்களும் அப்படித்தான் ஐயா என்று அர்த்தம். அதிகாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். எச்சரித்து அனுப்பச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி ஆயாக் கொட்டகையை நோக்கி ஓடினாள்.

அவள் தப்பித்துவிட்டாள், அது போதும் என்று இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இருக்கவில்லை. மறுநாள் மரத்தடியில் போய் உட்கார்ந்தபோது யாரும் தின்பண்டம் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், சீலைத் துணியைப் பற்றிப் பேசினார்கள். கடலைதான் பிடிக்கும் என்று ஆபீசில் அழுதவள் என் வாளியைத் தானே தூக்கிக்கொண்டாள். எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அந்த அன்பு எனக்குத் தாங்கவில்லை. குப்பையில் பொறுக்கியவள் என்று யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்த ஒரு பிஸ்கட்டையும் எனக்கு வைத்துவிட்டுத் தின்றார். நான் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பேசுவதையே விட்டுவிட்டாள். கோபமா, சங்கடமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்குள் நேராக வந்தாள். கையில் ஒரு தட்டு. அதில் ஒரு பக்கம் மிளகாய் பிசிறிய வறுவல், மறுபக்கம் வெறும் உப்புப் போட்ட வறுவல். தட்டை வைத்துவிட்டு எது என்று கேட்டாள்.

எனக்காக ஜெயில் வாசல் வரை போனவள். மிளகாய் என்றேன்.

"இதுலயும் பொய்யாடி?"

எடுத்த துண்டைக் கீழே வைத்தேன். உப்பு வறுவலை எடுத்து வாயில் போட்டேன். மென்று விழுங்கிய பிறகுதான் பேச முடிந்தது. அன்று ஆபீசில் சொல்லாததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிழங்கைவிட உப்புத்தான் கிடைக்கவில்லை. அவித்த தோலை உப்பில்லாமல் விழுங்க முடியாமல் நான் கக்குவேன். கோத்தா கோலா மூடாப் பக்கத்திலிருந்து ஒருத்தர் கடல்தண்ணீரைக் காய்ச்சிய உப்பை சைக்கிளில் கொண்டுவந்தார். ஒரு சிரட்டை உப்புக்கு அம்மா தன்னிடமிருந்த ஒரே சீலையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் மரம் வெட்டப் போனாள். அம்மாவோடு ஒன்றாக நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பின்தங்கி நடந்தேன். அந்த உப்பை மட்டும் நக்கி நக்கித் தின்றேன்.

அவள் முகம் மாறியது. மரத்தடிப் பெண்களின் முகத்தில் பார்த்த அதே இளக்கம் அவள் முகத்திலும் வரப் பார்த்தது. நான் திரும்பிக்கொண்டேன். அவளும் அப்படிப் பார்த்துவிட்டால் அந்தத் தோட்டத்தில் எனக்கு இனி யாரும் இல்லை என்று தோன்றியது.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தட்டிலிருந்து சிவந்த துண்டாகப் பார்த்து எடுத்தாள், நொறுக்கென்று கடித்தாள்.

"இருந்தாலும் மொளகாதான்" என்றாள்.